ஆறு ஐசியில் ஒரு 8085 கணினி, அதில் ஓட ஒரு கவ்கால் நிரல்

பாலிடெக்னிக் ஒன்றில் மைக்ரோப்ராசசர் லேப் பார்க்கிற ஆள் நான். பத்தொன்பது வருடமாகிறது. தமிழ்நாட்டில் டிப்ளமோ, இன்ஜினியரிங் படித்த பலருக்கு 8085 (இன்டெலின் எட்டு பிட் மைக்ரோப்ராசசர்) என்றதும் ஞாபகம் வருவது ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) கீபோர்டு, சிவப்பு எழுத்து டிஸ்ப்ளே, 4100 என்ற முகவரி. இரண்டு எண்ணைக் கூட்டி விடையைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் அந்தச் சிப்போடு உறவு முடிந்துவிடும். எங்கள் லேபில் பழைய கிட்டுகளைக் கழித்துக்கட்டியபோது செத்த போர்டுகளிலிருந்து நான்கு 8085 கழற்றி வைத்துக்கொண்டேன். அதில் ஒன்றை வைத்துத்தான் இந்தக் கணினி. உங்களிடம் பழைய கிட் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள்.

எனக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஐசி எண்ணிக்கை ஒரு கையில் அடங்க வேண்டும் (ஆறாகிவிட்டது, மன்னியுங்கள்). இன்னொன்று, கையால் அசெம்பிளி எழுதிக்கொண்டே இருக்கக் கூடாது, ஒரு கம்பைலர் மொழியில் எழுதி ஓட்ட வேண்டும். முதலில் சி மொழியைத்தான் நினைத்தேன். ஏன் கவ்கால் என்ற மொழிக்கு மாறினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேண்டிய பொருட்கள்: 8085, 74எச்சிடி573 (முகவரியைப் பிடித்துவைக்கும் லாச்), 28சி256 என்ற 32 கேபி ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் எழுதியது அழியாத நினைவகம்), 62256 என்ற 32 கேபி ராம், 74எச்சிடி00 (நாண்ட் கேட்டுகள்), 74எச்சிடி02 (நார் கேட்டுகள்). இவற்றோடு ஒரு 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒவ்வொரு ஐசிக்கும் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர், 5 வோல்ட் அளவில் பேசும் யூஎஸ்பி-சீரியல் கேபிள், ஈஈப்ராம் எழுத ஒரு ப்ரோகிராமர், மூன்று நீள பிரெட்போர்டு. மின்சாரத்துக்குப் பழைய மொபைல் சார்ஜர் போதும். 8085-க்கு முந்தைய சிப்பான 8080-க்கு +5, −5, +12 என்று மூன்று சப்ளை வேண்டும். 1976-ல் வந்த 8085-க்கு ஒரே 5 வோல்ட்தான், பெயரில் உள்ள 5 அதைத்தான் சொல்கிறது. வயருக்கு டெலிபோன் கேபிளை உரித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கம்பி என்பதால் பிரெட்போர்டில் நன்றாகப் பிடிக்கும், நிறமும் கிடைக்கும்.

கடைக்காரர் 74எச்சி கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார். வாங்காதீர்கள். பழைய என்மாஸ் 8085 உயர் நிலைக்குக் குறைந்தபட்சம் 2.4 வோல்ட் தருவேன் என்றுதான் உறுதி சொல்கிறது. எச்சி வகை 3.5 வோல்ட் கேட்கும். அந்த இடைவெளியில் கணினி சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. எச்சிடி அல்லது எல்எஸ் வகைதான் சரி.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டி மின்சாரம் கொடுத்தால் கண்டிப்பாக ஓடாது, எங்கே தப்பு என்றும் தெரியாது. அதனால் முதல் நாள் 8085-ஐ மட்டும் செருகுங்கள். 40-ஆம் பின் 5 வோல்ட், 20 கிரவுண்ட், 1-க்கும் 2-க்கும் நடுவே கிரிஸ்டல். ரீசெட் பின் 36-க்கு 5 வோல்ட்டிலிருந்து 10 கே ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதன் குறுக்கே ஒரு பட்டன். ரெடி (35) 5 வோல்ட்டுக்கு. ஹோல்டு (39), ட்ராப் (6), மூன்று ஆர்எஸ்டி பின்கள் (7, 8, 9), இன்டர் (10) எல்லாம் கிரவுண்டுக்கு.

ட்ராப்பை மறக்காதீர்கள் என்று தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் மறந்தேன். மற்ற இன்டரப்டுகளை (சிப்பை நடுவில் நிறுத்தி வேறு வேலைக்குக் கூப்பிடும் சிக்னல்கள்) மென்பொருளால் அடக்கலாம், ட்ராப்பை அடக்க முடியாது. அந்தரத்தில் விட்டால் அதுவே ஆண்டெனா ஆகி, கையை அருகில் கொண்டுபோனதும் சிப் 0024 முகவரிக்குத் தாவும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நன்றாக ஓடும், உட்கார்ந்தால் நிற்கும். என் வீட்டில் இதை வேறு மாதிரி விளக்கினார்கள்.

இப்போது ஏடி0 முதல் ஏடி7 வரையுள்ள எட்டு பின்களிலிருந்தும் (12 முதல் 19 வரை) தலா ஒரு 4.7 கே ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். 8085-ல் கீழ் முகவரியும் டேட்டாவும் இதே எட்டுக் கம்பியில் மாறி மாறி வருவதால் நேராகக் கிரவுண்டில் இணைக்கக் கூடாது. சிப் முகவரியை ஓட்டும்போது ரெசிஸ்டர் விட்டுக்கொடுக்கும். படிக்கும்போது கம்பிகள் பூஜ்யத்துக்கு இறங்கும். 00 என்றால் நாப், ஒன்றும் செய்யாதே என்ற கட்டளை. ஆக, சிப் எந்த முகவரியைப் படித்தாலும் நாப்தான் கிடைக்கும், அடுத்த முகவரிக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஏ15 (பின் 28) ஒரு எல்இடியை எரிக்கட்டும். 5 வோல்ட்டிலிருந்து 2.2 கே, எல்இடி, பிறகு பின், இந்த வரிசையில். இந்தச் சிப் மின்னோட்டத்தை உள்ளே இழுப்பதில் பரவாயில்லை, வெளியே தள்ளுவதில் சோம்பேறி. கணக்கைப் பார்ப்போம். கிரிஸ்டலில் பாதிதான் உள் கடிகாரம், 3.072 மெகாஹெர்ட்ஸ். ஒரு நாப்புக்கு 4 துடிப்பு. 65,536 முகவரிக்கு 2,62,144 துடிப்பு, அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட 12 சுற்று. எல்இடி கண்ணுக்குத் தெரியும்படி படபடவென்று துடித்தால் சிப் உயிரோடு இருக்கிறது. துடிக்கவில்லையென்றால் மல்டிமீட்டரை 37-ஆம் பின்னில் வையுங்கள். 0-ம் இல்லாமல் 5-ம் இல்லாமல் நடுவில் ஏதாவது காட்டினால் கடிகாரம் ஓடுகிறது, தப்பு மேலே சொன்ன பின்களில். செத்த கிட்டிலிருந்து கழற்றிய என் நான்கு சிப்பில் மூன்று துடித்தன. சிப் இளஞ்சூடாக இருக்கும், அது அதன் சுபாவம்.

அடுத்து நினைவகம். எட்டு ரெசிஸ்டர்களையும் எடுத்துவிடுங்கள். 573-ன் உள்ளீடுகள் ஏடி0 முதல் ஏடி7, அதன் லாச் எனேபிள் 8085-ன் ஏஎல்ஈ (30), கம்பியில் இப்போது முகவரி இருக்கிறது என்று சொல்லும் பின். அதன் வெளியீடுகள்தான் ஏ0 முதல் ஏ7. ராம், ஈஈப்ராம் இரண்டுக்கும், படிக்கும் சிக்னலான ஆர்டி (32) அவுட்புட் எனேபிளுக்குப் போகும். எழுதும் சிக்னலான டபிள்யூஆர் (31) ராமுக்கு மட்டும். ஈஈப்ராமின் ரைட் பின்னை 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். ரீசெட் ஆனதும் 8085 முகவரி 0000-ல்தான் தொடங்கும், அங்கே ஈஈப்ராம் இருந்தாக வேண்டும். ஆனால் நமக்கு வேண்டிய கவ்கால் கம்பைலர் சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்துக்கு நிரல் தருகிறது. சிபி/எம் நிரல்கள் 0100-ல் ஏற்றப்படும், 0000-ஐச் சுற்றி எழுதக்கூடிய ராமை எதிர்பார்க்கும். இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி.

தீர்வு எளிது. நிரந்தர ஏற்பாட்டில் ராம் 0000 முதல், ஈஈப்ராம் 8000 முதல் (முகவரிகள் எல்லாம் ஹெக்ஸில்). ரீசெட் ஆனதும் கொஞ்ச நேரம் மட்டும் எல்லா முகவரியிலும் ஈஈப்ராமே தெரிய வேண்டும். 00 ஐசியின் இரண்டு நாண்ட் கேட்டை ஒரு லாச்சாகக் கட்டுங்கள், அதன் வெளியீட்டை 'பூட்' என்று கூப்பிடுவோம். ரீசெட் அவுட் (பின் 3) அதை 1 ஆக்கும். ஏ15 உயர்ந்திருக்கும்போது ஒரு படிப்பு நடந்தால் அது 0 ஆகும். இதற்கு ஆர்டியைத் தலைகீழாக்க ஒரு நாண்ட், ஏ15-ஐயும் அதையும் சேர்க்க ஒரு நாண்ட். நான்கு கேட்டும் தீர்ந்தது. 02-ல் ஒரு நார் கேட்டுக்கு ஏ15-ம் பூட்டும் உள்ளீடு, அதன் வெளியீடு ஈஈப்ராமின் சிப் எனேபிள் (அது 0 ஆனால்தான் சிப் விழிக்கும்). அதையே இன்னொரு நாரில் தலைகீழாக்கினால் ராமின் சிப் எனேபிள். மூன்றாவது நார், ரீசெட் அவுட்டைத் தலைகீழாக்கி லாச்சுக்குக் கொடுக்கும்.

ஈஈப்ராமில் முதல் மூன்று பைட் சி3 03 80, அதாவது "8003-க்குப் போ". 0000-ல் படிக்கத் தொடங்கும் சிப் அந்தக் கட்டளையால் 8003-க்குத் தாவுகிறது, அங்கே முதல் படிப்பிலேயே ஏ15 உயர்கிறது, லாச் கவிழ்கிறது, கீழே ராம் வந்து உட்கார்கிறது. சிப்புக்கு ஒன்றும் தெரியாது.

சீரியலுக்கு யூஆர்ட் ஐசி (எழுத்தைப் பிட் பிட்டாக அனுப்பி வாங்கும் ஐசி) எங்கே என்று தேடியிருப்பீர்கள். கிடையாது. 8085-ல் எஸ்ஓடி (4), எஸ்ஐடி (5) என்று இரண்டு பின் இருக்கின்றன, லேபில் யாரும் தொடுவதில்லை. சிம் கட்டளை எஸ்ஓடியில் ஒரு பிட்டை வைக்கும், ரிம் கட்டளை எஸ்ஐடியைப் படிக்கும். எஸ்ஓடியைக் கேபிளின் ஆர்எக்ஸுக்கும், எஸ்ஐடியை டிஎக்ஸுக்கும், கிரவுண்டைக் கிரவுண்டுக்கும் கொடுத்தால் வேலை முடிந்தது. மீதி எல்லாம் நேரக் கணக்கு.

6.144 கிரிஸ்டல் கேட்டது இதற்காகத்தான். விநாடிக்கு 9600 பிட் என்ற வேகத்துக்கு, 30,72,000-ஐ 9600-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 320. ஒரு பிட்டுக்கு 320 துடிப்பு. அனுப்பும் சுற்று இப்படி: சிப்புக்குள் சி ரெஜிஸ்டரில் உள்ள எழுத்தை ஏ ரெஜிஸ்டருக்கு எடுத்து, ஆர்ஏஆர் கட்டளையால் ஒரு பிட் வலப்பக்கம் சுழற்றி, திரும்ப சி-யில் வையுங்கள். கடைசி பிட் கேரியில் (சுழற்றும்போது வெளியே விழும் பிட்டை வைக்கும் இடம்) இருக்கிறது. இப்போது ஏ-வில் ஹெக்ஸ் 80 போட்டு மறுபடி ஆர்ஏஆர். கேரி ஏழாம் பிட்டுக்கு வந்துவிடும், அங்கே இருந்த 1 ஆறாம் பிட்டுக்கு இறங்கிவிடும். சிம் கட்டளை கேட்பது அதையேதான்: ஆறாம் பிட் 1 என்றால் "சீரியல் அனுப்பு", ஏழாம் பிட்டில் அனுப்ப வேண்டியது. இரண்டு கட்டளையில் காரியம் முடிகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஆறு கட்டளைக்கு 27 துடிப்பு. பிறகு ஒரு காத்திருப்புச் சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் 14 துடிப்பு. பிட் எண்ணிக்கை குறைப்பு, தாவல் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 45-ம், சுற்று எண்ணிக்கையின் 14 மடங்கும். 19 சுற்றும் இரண்டு நாப்பும் போட்டால் 319. ஒரு துடிப்புதான் குறைவு, கவலை இல்லை.

நான் அங்கே 19 என்றே தட்டினேன். அசெம்பிளர் அதை ஹெக்ஸாக எடுத்துக்கொண்டது. ஹெக்ஸ் 19 என்றால் 25 சுற்று. 13 என்று எழுதியிருக்க வேண்டும். திரையில் குப்பை எழுத்தாகக் கொட்டியது, இரண்டு சாயங்காலம் வயரையெல்லாம் பிடுங்கி மாற்றினேன், கேபிளைச் சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கினேன். பசங்களுக்கு வருடாவருடம் "ஹெக்ஸ், டெசிமல் பார்த்துப் போடு" என்று சொல்கிற வாய் இது.

இன்னொன்று, ரீசெட்டில் எஸ்ஓடி பூஜ்யமாகிவிடும். சீரியல் கம்பி சும்மா இருக்கும்போது 1-ல் இருக்க வேண்டும். அதனால் மானிட்டர் நிரலின் (ஈஈப்ராமில் குடியிருந்து மற்ற நிரல்களை ஏற்றும் சின்ன நிரல்) முதல் வேலை ஏ-வில் சி0 போட்டு ஒரு சிம். கொஞ்சம் காத்திருந்த பிறகே பேசத் தொடங்குங்கள்.

மானிட்டர் நிரல் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். இன்டெல் ஹெக்ஸ் (நிரலின் பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் முறை) வடிவில் வரும் வரிகளைப் படித்து ராமில் வைக்க வேண்டும், செக்சம் சரியா என்று பார்க்க வேண்டும் (வரியின் எல்லா பைட்டையும் கூட்டினால் கடைசி எட்டு பிட் 00 வரும்), 'ஜி' என்றதும் 0100-க்குத் தாவ வேண்டும். சேர்த்து வைக்க பஃபர் இல்லாததால், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். கணினிப் பக்கம் இரண்டு ஸ்டாப் பிட் வைத்துவிடுங்கள், 320 துடிப்பு இலவசமாகக் கிடைக்கும். 3 கேபி நிரல் ஏற சுமார் பத்து விநாடி.

இனி சிபி/எம்-ஐ ஏமாற்றும் வேலை. நிஜ சிபி/எம் வேண்டாம், டிஸ்க் கிடையாது. நிரல்கள் அதனிடம் கேட்பதெல்லாம் ஒரே வாசலில்தான்: சி ரெஜிஸ்டரில் சேவை எண்ணை வைத்துக்கொண்டு 0005-ஐக் கூப்பிடும். 2 என்றால் ஈ-யில் உள்ள எழுத்தை அச்சிடு, 1 என்றால் ஓர் எழுத்தைப் படி, 9 என்றால் டாலர் குறி வரும்வரை அச்சிடு, 0 என்றால் முடிந்தது. இந்த நான்கையும் ஈஈப்ராமில் எழுதிவைத்து, 0005-ல் ஒரு தாவல் கட்டளை போட்டால் நம் போர்டு சிபி/எம் வேஷம் கட்டிவிடும்.

ஆனால் அந்தத் தாவலை நேராக ஈஈப்ராமுக்குக் காட்டாதீர்கள். 0006-ல் உள்ள முகவரியைத்தான் சிபி/எம் நிரல்கள் நினைவகத்தின் உச்சி என்று எடுத்துக்கொண்டு, ஸ்டாக்கை (திரும்பிப் போக வேண்டிய முகவரி போன்றவற்றை அடுக்கும் இடம்) அங்கிருந்து கீழே இறக்கும். அது 8-ல் தொடங்கும் முகவரியாக இருந்தால் ஸ்டாக் போய் ஈஈப்ராமில் எழுதும், எழுதியது காற்றோடு போகும். என் சோதனை நிரல் ஒரே ஓர் எழுத்தை அச்சிட்டுவிட்டு மாயமானது இப்படித்தான். ராமில் 7800-ல் ஒரு தாவலை வைத்து, 0005 அங்கே காட்டட்டும், அங்கிருந்து ஈஈப்ராமுக்குத் தாவட்டும். மானிட்டருக்கு வேண்டியதை 7803-க்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் சி இல்லை? சி மொழியில் ஒரு ஃபங்ஷனின் உள் மாறிகள் ஸ்டாக்கில் இருக்கும். பெரிய ப்ராசசருக்கு அது ஒன்றுமில்லை. 8080, 8085-ல் ஸ்டாக்கில் இருக்கும் ஒரு 16 பிட் மாறியை எடுக்க, தூரத்தை எச்எல் ரெஜிஸ்டர் ஜோடியில் போட்டு, ஸ்டாக் முகவரியான எஸ்பியைக் கூட்டி, இரண்டு பைட்டாகப் படிக்க வேண்டும்: 8085-ல் 40 துடிப்பு, 7 பைட். அதே மாறி ஒரு நிலையான முகவரியில் இருந்தால் எல்எச்எல்டி கட்டளை ஒன்றே போதும்: 16 துடிப்பு, 3 பைட். (8085-ல் இன்டெல் வெளியே சொல்லாமல் விட்ட சில கட்டளைகள் இதைக் கொஞ்சம் எளிதாக்கும். 8080-க்கான கம்பைலர் அவற்றைத் தொடாது.)

டேவிட் கிவன் எழுதிய கவ்கால் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஏடா மொழியின் சாயலில் சின்ன ப்ராசசர்களுக்கென்றே செய்த மொழி. இதில் ரிகர்ஷன் கிடையாது, ஒரு சப்ரூட்டின் தன்னையே கூப்பிட முடியாது. அதைக் கொடுத்து வாங்கியது பெரிது. ஒரு சப்ரூட்டின் ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடாது என்பதால் எல்லா மாறிக்கும் நிலையான முகவரி. அதோடு, நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கர் முழு நிரலையும் பார்த்து, எந்தச் சப்ரூட்டின்கள் ஒன்றாக ஓடவே வாய்ப்பில்லையோ அவற்றின் மாறிகளை ஒரே இடத்தில் அடுக்கிவிடும். ஒரே மண்டபத்தைக் காலையில் முகூர்த்தத்துக்கும் சாயங்காலம் வேறு வீட்டு வரவேற்புக்கும் விடுகிற மாதிரி. 32 கேபி ராமில் இது பெரிய சேமிப்பு. கம்பைலரே சிபி/எம் உள்ள எட்டு பிட் கணினியில் ஓடும் அளவுக்குச் சின்னது. நம் போர்டில் டிஸ்க் இல்லாததால் லினக்ஸில் கம்பைல் செய்து அனுப்புகிறோம்.

கிட்ஹப்பில் மூல நிரலை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். சிபி/எம் 8080 இலக்கைத் தேர்ந்தெடுங்கள், இசட்80 இலக்கு நம் சிப்பில் ஓடாது. முன்பகுதி, பின்பகுதி, லிங்கர், அசெம்பிளர் என்று நான்கு படி தாண்டி ஒரு காம் கோப்பு (சிபி/எம்-ல் ஓடும் நிரல் கோப்பு) வரும். அதை முதலில் லினக்ஸிலேயே ஒரு சிபி/எம் எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடி, போர்டில் ஓடாவிட்டால் குற்றவாளி உங்கள் வயரிங். அப்புறம் ஆப்ஜ்காப்பி என்ற லினக்ஸ் கருவி கொண்டு, தொடக்க முகவரி 0100 என்று சொல்லி இன்டெல் ஹெக்ஸாக மாற்றுங்கள்.

"வணக்கம்" அச்சிட்டுப் பார்த்த கையோடு 8192 வரையுள்ள பகா எண்களைச் சல்லடை போட்டு எண்ணும் நிரலை எழுதுங்கள், ராமையும் அது நன்றாகக் குலுக்கிப் பார்க்கும். 8192 கூண்டுள்ள ஒரு பைட் வரிசை, எல்லாவற்றிலும் முதலில் நீங்களே 1 நிரப்புங்கள். 2-லிருந்து தொடங்கி, 1 இருக்கும் கூண்டு வந்தால் எண்ணிக்கையைக் கூட்டி, அதன் மடங்குகளை எல்லாம் 0 ஆக்குங்கள். சுற்று எண்ணுக்கு 8 பிட் வகையைக் கொடுத்து 16 பிட் மாறியோடு ஒப்பிட்டால் கவ்கால் கம்பைல் செய்ய மறுக்கும். சி மாதிரி தானே மாற்றிக்கொள்ளாது, 'ஆஸ்' என்று எழுதி நீங்களே மாற்ற வேண்டும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். 255-க்கு மேல் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சுற்றை விடிய விடியத் தேடியவனுக்கு இந்த மறுப்பு பிடித்துப்போகும்.

'ஜி' தட்டினால் இரண்டு மூன்று விநாடி அமைதி. பிறகு 1028 என்று வர வேண்டும். 1027 அல்லது 1029 வந்தால் நிரலில் எல்லையைத் தப்பாக வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ராமின் 104 கெப்பாசிட்டரைப் பாருங்கள், அது ஐசியின் காலை ஒட்டி இருக்க வேண்டும். எனக்கு அது பிரெட்போர்டின் மறு கோடியில் இருந்தது.